சந்தனம் வைத்த பேட்டரி

கீழ்பென்னாத்தூர் சாலையில் ஐந்தாறு மைல் நடந்திருப்பேன். எதிரே வந்தவர்கள் எல்லோரும் திருவண்ணாமலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தீபத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. ஆனாலும் பொரிக்கடை, வளையல்கடை போடுகிறவர்களும் பிச்சை எடுக்கிறவர்களும் இடம் பிடிக்க முன்னாலேயே வந்துவிடுவார்கள். மாட்டு வண்டியில் பாயும் பானையுமாகப் போன ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாப்பா, ஊரே மலைக்கு வருது. நீ மட்டும் எதிர்ல போறியே?"

"வேலை முடிஞ்சிடுச்சுங்க" என்றேன்.

வேலை முடியவில்லை. போ என்று யாரும் சொல்லவும் இல்லை. விடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். கடைத்தெரு வழியாக வந்திருந்தால் ஒரு மைல் குறைந்திருக்கும். அந்த வழியில் பேட்டரிக் கடை இருந்தது. அதனால் சுற்றிக்கொண்டு வந்தேன்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ஏழாவது வரை படித்தவன். எந்த ஊரிலும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்ததில்லை. திருவண்ணாமலைக்கு வந்ததற்குக் காரணம் பக்தி இல்லை. அங்கே ஏதாவது ஒரு மடத்தில் ஒரு வேளைச் சோறு கிடைக்கும் என்று ஒரு லாரி கிளீனர் சொன்னான். கிடைத்தது. பிறகு ஓட்டலில் மாவாட்டினேன். பேட்டரிக் கடையில் ஆறு மாதம் இருந்தேன். ஆசிட் தெறித்து என் வேட்டிகள் சல்லடையாகிப் போயின. அந்தக் கடைக்காரர்தான் என்னை மில்காரர் வீட்டு வேலைக்கு அனுப்பினார்.

மில்காரர் கடலை எண்ணெய் மில் நடத்தியவர். இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது, மில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மகன் குவைத்தில். வீட்டில் மகனின் அம்மாவும் மனைவியும் மட்டும். வேலைக்காரர்கள் நாங்கள் பெரியம்மா, சின்னம்மா என்று கூப்பிடுவோம். பின்பக்கம் தகரக் கொட்டகையில் மில்காரரின் கறுப்பு அம்பாசடர் நின்றது. வீட்டில் யாருக்கும் ஓட்டத் தெரியாது.

சின்னம்மாவுக்கு அது மூன்றாவது பிள்ளைப்பேறு. முன்னால் இரண்டு தங்கவில்லை. இரண்டு முறையும் ரத்தக் கொதிப்பு ஏறி, கை கால் வீங்கி, எட்டாம் மாதத்தில் போய்விட்டது. இந்த முறை வேலூர் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தலைவலி வந்து பார்வை மங்கினால் ஒரு நிமிடம் தாமதிக்கக் கூடாது, நேராக வேலூருக்கு வந்துவிட வேண்டும். விடுமுறையில் வந்த மகன் அதற்காகத்தான் காரை விற்காமல் வைத்துவிட்டுப் போனான். அடி அண்ணாமலையில் ஒரு டிரைவருக்குச் சொல்லி வைத்தான். கொட்டகையில் என்னை வைத்தான்.

"கார் ஓடணும்னு இல்ல" என்றான். "கூப்புட்ட அன்னிக்கு ஸ்டார்ட் ஆவணும். அதான் உன் வேலை. வேற ஒண்ணும் கிடையாது."

சும்மா நிற்கிற காரில் பேட்டரி தானாகவே இறங்கும். இது பழைய பேட்டரி வேறு. கடைக்காரர் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் டிரான்ஸ்பார்மர் வைத்து ஒரு சின்ன சார்ஜர் செய்து கொடுத்திருந்தார். மாதக்கணக்கில் மாட்டி வைத்தாலும் பேட்டரி சூடாகாது, சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டே இருக்கும். சிவப்புக் கிளிப்பை பேட்டரியின் பிளஸ் முனையில் கவ்வவிட வேண்டும். கறுப்புக் கிளிப்பை காரின் உடம்பில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டில். அதற்குப் பிறகுதான் சுவிட்ச். கழற்றும்போது முதலில் சுவிட்ச். மூடிகளைக் கொஞ்சம் தளர்த்தி வைக்க வேண்டும், பக்கத்தில் பீடி பிடிக்கக் கூடாது. சுவிட்ச் போட்டால் டின்னின் மேல் ஒரு சிவப்பு பல்பு எரியும்.

"பல்ப பாத்து ஏமாறாதே" என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். "அது டின்னுக்கு கரண்ட் வருதுன்னு சொல்லும். பேட்டரிக்குப் போவுதான்னு சொல்லாது. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து மிதவைக் குழாய வாங்கிட்டுப் போயி ஆசிட்ட உறிஞ்சிப் பாரு. மிதவை உள்ள எறங்கிச்சுன்னா சார்ஜ் இல்ல."

மூன்று மாதம் ஒழுங்காகப் பார்த்தேன். கொட்டகையிலேயே படுத்துக்கொண்டேன். சாப்பாடு கொல்லைப்பக்கம் வைத்துவிடுவார்கள். பெரியம்மாவுக்கு நான் தண்டச்சோறு. "ஒரு பொட்டிக்கு காவல் இருக்கறதுக்கு ஒரு தடியன்" என்று பாத்திரம் தேய்க்கிறவளிடம் என் காதுபடச் சொல்வாள். சின்னம்மா காலையில் பின் ஜன்னலில் நின்று கேட்பாள்.

"வண்டிக்கு உசுரு இருக்கா?"

"இருக்கும்மா."

"எனக்குதான் கம்மியா இருக்குது" என்று சிரிப்பாள். முகம் அப்போதே உப்பியிருந்தது.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் சுவிட்சை அணைத்துக் கிளிப்புகளைக் கழற்றினேன். பூஜை நாளில் எந்தக் கருவியும் வேலை செய்யக் கூடாது. காரைக் கழுவினேன், வாழைக்கன்று கட்டினேன். பூஜையன்று சின்னம்மா சந்தனக் கிண்ணத்தோடு மெதுவாக இறங்கி வந்தாள். ஸ்டியரிங்குக்கு, ஹாரனுக்கு, நாலு சக்கரத்துக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தாள். போகத் திரும்பினவளை நான்தான் கூப்பிட்டேன்.

"பேட்டரிக்கும் வைங்கம்மா. அதானே உங்கள ஏத்திட்டுப் போவப் போவுது."

நான் பானெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் குனிய முடியாமல் குனிந்து, இரண்டு முனைகளிலும் சந்தனத்தை விரலால் வழித்துத் தாராளமாக அப்பி, குங்குமம் வைத்தாள். கறுப்புக் கிளிப் மாட்டுகிற போல்ட்டுக்கும் வைத்தாள். கண்ணை மூடி நின்றாள். அவள் எதை வேண்டிக்கொண்டாள் என்று கேட்க வேண்டியதில்லை.

மறுநாள் கிளிப்புகளைத் திரும்ப மாட்டினேன். சந்தனம் காய்ந்து கெட்டியாகியிருந்தது. பூஜையில் வைத்ததைத் துடைக்கக் கூடாது, அதுவாக உதிர வேண்டும். எங்கள் பக்கத்தில் எந்த லாரிக்காரனும் துடைக்க மாட்டான். அதிலும் அது அவள் வைத்தது. குங்குமம் கலையாமல், கிளிப்பை முனையின்மேல் மெதுவாக உட்கார வைத்தேன். சுவிட்ச் போட்டேன். சிவப்பு பல்பு எரிந்தது.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கடைக்குப் போகவில்லை. மழை ஒரு காரணம். இன்னொரு காரணம், எனக்கு அந்த ஊர் அலுக்கத் தொடங்கியிருந்தது. பிள்ளை பிறந்ததும் ஓசூர் பக்கம் போகலாம் என்று யோசித்துக்கொண்டு படுத்துக் கிடந்தேன். டிரைவரும் மாதத்துக்கு ஒரு முறைதான் வந்து என்ஜினை ஓடவிடுவார். பூஜைக்கு முன்னால் வந்ததுதான்.

ஐப்பசியில் ஒரு முகூர்த்த நாள். காலை பத்து மணி இருக்கும். பெரியம்மா கொல்லைக் கதவில் நின்று கத்தினாள். சின்னம்மாவுக்குத் தலைவலி, கண் முன்னால் பூச்சி பறக்கிறதாம். பக்கத்துத் தெரு நர்ஸ் வந்து பிரஷர் பார்த்துவிட்டு, பையை மூடிக்கொண்டே "வேலூர், இப்பவே" என்றாள்.

நான் சைக்கிளில் அடி அண்ணாமலைக்குப் போய் டிரைவரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வந்தேன். சின்னம்மா ஏற்கெனவே பின்சீட்டில் இருந்தாள், கண்மேல் ஈரத்துணி. டிரைவர் சாவியைத் திருப்பினார்.

டக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடியும் திருப்பினார். அந்தச் சத்தமும் இல்லை.

"சார்ஜ் போட்டு வச்சிருக்கியா?"

"பல்பு எரியுதே அண்ணே."

முன்னால் ஹேண்டில் போட்டு என்ஜினைச் சுற்றலாம் என்றால், ஹேண்டிலை மில்லில் எதையோ நெம்ப எடுத்துப் போனவர்கள் திருப்பித் தரவில்லை. தள்ளிப் பார்த்தோம். சின்னம்மாவை இறக்கி நர்ஸ் குடை பிடித்தாள். தெருவிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். சந்து முழுக்கச் சேறு. பின்சக்கரம் ஒரு முழம் புதைந்து நின்றது. செங்கல் போட்டு மேலே ஏற்றி மறுபடியும் தள்ளினோம். என்ஜின் இரண்டு முறை இருமி அடங்கியது. வாடகைக் காருக்கு ஓடிய ஆள் வெறும் கையோடு வந்தான். இருந்த நான்கு கார்களும் கல்யாணத்துக்குப் போயிருந்தன. சின்னம்மா மழையில் நின்றபடியே "ஆயிடுச்சா? ஆயிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் இருந்த பக்கம் பார்த்துக் கேட்கவில்லை. அவளுக்குக் கண் தெரியவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கடைசியில் ஆள் அனுப்பி, பேட்டரிக் கடைக்காரர் சைக்கிள் ரிக்‌ஷாவில் வேறு பேட்டரியோடு வந்தபோது ஒரு மணி ஆகியிருந்தது. பானெட்டுக்குள் நானும் அவரும் மட்டும் குனிந்திருந்தோம். கிளிப்பைத் தொட்டார், அது ஆடியது. கழற்றினார். முனையில் சந்தனம் சுண்ணாம்பு மாதிரி இறுகியிருந்தது, கிளிப்பின் பல் ஈயத்தைத் தொடவே இல்லை. குங்குமம்கூடக் கலையவில்லை. ஸ்குரூ டிரைவரால் சுரண்டி எடுத்தார்.

"எத்தினி நாளா?"

"பூஜைலேர்ந்து."

"இலையப் போட்டு உக்கார வச்சிட்டு சோறே போடல நீ" என்றார், மெதுவாக. புது பேட்டரியை மாட்டினார். முதல் திருப்பிலேயே கார் எடுத்துக்கொண்டது. அது போன பிறகும் கொட்டகையில் பல்பு எரிந்துகொண்டிருந்தது. நான் போய் சுவிட்சை அணைத்தேன்.

இரண்டு நாள் கழித்து டிரைவர் வந்து சொன்னார். போளூர் தாண்டும்போதே அவளுக்கு வலிப்பு வந்துவிட்டதாம். தாயைக் காப்பாற்றிவிட்டார்கள். பிள்ளை இல்லை. ஆண் பிள்ளை. இரண்டு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, முடிக்காமல் போய்விட்டாராம். இனிமேல் பிள்ளையே கூடாது என்றும் சொல்லியிருந்தார்.

பெரியம்மா பேட்டரிக் கடைக்காரரைத் திட்டித் தீர்த்தாள். உதவாத சார்ஜரை எங்கள் தலையில் கட்டிவிட்டான், குடும்பத்தை அழித்துவிட்டான் என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னாள். மில் லாரிகள் அந்தக் கடைக்குப் போவதை நிறுத்தின. நான் கேட்டுக்கொண்டு இருந்தேன். ஒரு நாள் அவர், அன்று மாட்டிவிட்ட தன் பேட்டரியை எடுத்துப் போகக் கொட்டகைக்கு வந்தார்.

"சொன்னியா?"

"இல்லண்ணே."

"சொல்லாதே. நான் கடை வச்சிருக்கறவன், ஏச்சு வாங்கிட்டு இருந்துடுவேன். உன்ன மரத்துல கட்டி வச்சி அடிப்பாங்க." பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனவர் நின்றார். "ஆனா என் கடைப் பக்கம் வந்துடாதே."

பதினோரு நாள் கழித்து சின்னம்மா வந்தாள். பார்வை திரும்பியிருந்தது. அன்று மாலை, நடக்கக் கூடாது என்று சொல்லியும், கொட்டகைக்கு இறங்கி வந்தாள். வயிறு இல்லாமல் வேறு யாரோ மாதிரி இருந்தாள். காரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீ கனெக்ஷன் குடுத்துதானே வச்சிருந்தே?"

"பல்பு எரிஞ்சுதும்மா" என்றேன்.

அது பொய் இல்லை. அதனால்தான் அதைச் சொன்னேன்.

"ஆமா. நானும்தான் பாத்தேன். ஜன்னல்லேர்ந்து தெரியும்" என்றாள். பானெட்டில் கையை வைத்தபடி, "வண்டில ஒண்ணும் இல்ல, என் ராசிதான்னு அத்தை சொல்றாங்க. இப்ப எனக்கும் அப்பிடிதான் தோணுது. மூணும் போச்சே. அவருக்கு வேற பொண்ணு பாக்கணும்னு கடுதாசி போட்டுட்டாங்க" என்றாள்.

அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். கிளிப்பை எடுத்துக் காட்டி ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அடி விழுந்திருக்கும், அவ்வளவுதான். நான் அடி வாங்காதவனும் இல்லை. ஆனால் பேட்டரியின்மேல் சந்தனம் வைத்தது அவள் கை. என் தப்பைச் சொன்னால் அதையும் சொல்லியாக வேண்டும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். இத்தனை வருடத்தில் அந்த நியாயத்தைப் பலமுறை எடுத்துப் பார்த்துவிட்டேன். அது நிற்கவில்லை. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியேறிப் போனாள். மறுநாள் விடிந்ததும் நான் கிளம்பினேன். குவைத்துக்குப் போன கடிதத்துக்கு என்ன பதில் வந்தது என்று எனக்குத் தெரியாது. நான் அந்த ஊருக்குத் திரும்பிப் போகவில்லை.

அன்று இருட்டும்போது கீழ்பென்னாத்தூர் வந்தது. மணிலாக் கொட்டை மண்டி வாசலில் கடலை மூட்டைகளுக்கு நடுவில் படுத்தேன். காலையில் சாலையோரம் ஆட்கள் கூடி நிற்பது தெரிந்தது. ஐப்பசி மழையில் அடித்துப் போன சிறு பாலத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா வேலை தெரியும்?"

"எது குடுத்தாலும் செய்வேங்க."

"நேத்து கான்கிரீட் போட்டிருக்கு. மேல சாக்கு விரிச்சிருக்கோம். அது காயாம தண்ணி ஊத்திட்டு பக்கத்துலயே உக்காந்துனு இருக்கணும். உக்காந்து திங்கற வேலை."

சாக்கைப் பார்த்தேன். மேலே ஈரமாக இருந்தது. அடியில் ஈரம் இருக்கிறதா என்று சாக்கு சொல்லாது.

"அது வேணாங்க. ஜல்லி சுமக்கறேன்."

மேஸ்திரி பக்கத்திலிருந்தவனைப் பார்த்து, "நிழல் குடுத்தா வெயில் கேக்குறான்யா" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். ஒரு கூடையைக் காலால் என் பக்கம் தள்ளினார். ஜல்லிக் குவியல் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. பாலம் இந்தப் பக்கம். முதல் கூடையை நிரப்பி, அங்கே நின்றவனிடம் தலையில் தூக்கிவிடச் சொன்னேன்.