உப்புப் பார்ப்பது

மார்கழி பிறந்தாலே எனக்குச் சாப்பாட்டை நினைத்தால் அலுப்பாக இருக்கிறது. மருமகள் அடுப்பில் மிளகு ரசம் கொதிக்கிறது. அந்த வாசனையில் எங்கள் ராஜபாளையத்து வீடு வந்து நின்றது.

மில் வேலையிலிருந்து ஓய்ந்த தாத்தாவும் குளிர்காலத்தில் தட்டைத் தள்ளிவிடுவார். அம்மா கெஞ்சமாட்டாள். கிண்ணத்தில் ரசஞ்சோறு கொண்டுவருவாள்.

"மாமா, உப்பு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

ஒரு வாய் தின்றுவிட்டு, "கம்மியா இருக்கு தாயி" என்பார்.

உள்ளே போய் உப்புக்குப் பதில் இன்னும் கொஞ்சம் சோற்றைப் போட்டு வருவாள்.

"இப்ப?"

"மிளகு பத்தல."

குறை சொல்லியே கிண்ணத்தைக் காலி செய்வார். அவர் ஏமாந்துவிட்டதாக நான் சிரிப்பேன்.

இப்போது மருமகள் கிண்ணத்தோடு வருகிறாள்.

"அத்தே, உப்பு மட்டும் பாருங்க."

உப்பு சரியாகத்தான் இருக்கிறது.

"செத்த கம்மிம்மா" என்றேன்.