ரோட்ஸ் தீவின் இரண்டு கால்கள்

காற்றில் அடித்துக்கொள்ளும் வாசற்கதவுக்கு, சுண்ணாம்புச் சாந்தில் செய்த இரண்டு கால்களை முட்டுக் கொடுத்திருக்கிறேன். முழங்காலுக்கு மேலே ஒன்றும் கிடையாது. அதில் இடித்துக்கொள்ளும்போதெல்லாம் என் வீட்டுக்காரரைத் திட்டுவேன். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

சுதந்திரம் வந்த புதிதில் அவர் மைசூரில் சரித்திர வாத்தியார். தலைமையாசிரியர் பதவி காலியாக இருந்தது. அது கிடைத்தால் குழாயும் தோட்டமுமாக ஒரு வீடும் வரும். நாங்களோ மழை பெய்தால் கூடமெங்கும் பாத்திரம் வைக்கிற வாடகை வீட்டில் இருந்தோம். பதவியைக் கொடுப்பவர் பள்ளி மேனேஜர். தசரா விடுமுறைக்கு முன் நடக்கும் பள்ளிப் பொருட்காட்சிக்கு, கிரேக்கர்கள் அந்தக் காலத்தில் ரோட்ஸ் தீவில் நிறுத்திய சூரிய தேவன் சிலையைச் செய்யச் சொன்னார். துறைமுகத்தின் இரு கரையிலும் காலை அகட்டி நிற்க, நடுவே கப்பல் போகிற படம் அவர் அறையில் மாட்டியிருந்தது. அச்சாக அதேபோல வேண்டுமாம்.

செய்துவிட்டுப் போக வேண்டியதுதானே? இவர் மாட்டார். சிலை அப்படி நின்றதே இல்லையாம். பெரும்படை முற்றுகையிட்டும் அந்தச் சின்னத் தீவு பணியவில்லையாம். எதிரி விட்டுப்போன தளவாடங்களை விற்று வெண்கலத்தில் சிலை எழுப்பினார்களாம். பூகம்பத்தில் முழங்கால் முறிந்து விழுந்ததாம். விழுந்து கிடந்ததைத்தான் பல நூற்றாண்டுகள் ஜனங்கள் வந்து பார்த்தார்களாம். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏங்க, காலை அகட்டி வெச்சா உங்களுக்கு என்ன கொறைஞ்சு போகுது?"

"இல்லாததைப் பிள்ளைங்களுக்கு எப்படிக் காட்டுறது?" என்றார். கால்களைச் சேர்த்துப் பலகையில் ஆணியடித்து நிறுத்தி, உடம்பைப் பக்கத்தில் கிடத்திவிட்டு வந்தார்.

பள்ளிக் காவல்காரர் கொள்ளேகால் பக்கத்தவர். பலகையில் சூரிய தேவன் என்று எழுதியிருந்ததைப் படித்தார். சாமி முறிந்து கிடப்பதைப் பார்த்தார். விடிந்ததும் பயபக்தியோடு மஞ்சளும் பூவும் வைத்து, உடம்பைக் கொண்டுபோய் ஏரியில் கரைத்துவிட்டார். "ஒடைஞ்ச சாமிய வெச்சிருந்தா ஊருக்கு ஆகாதுங்க" என்றாராம். ஆணியடித்த கால்கள்தான் பெயர்ந்து வரவில்லை.

மேனேஜர் வந்தபோது மேசைமேல் வெறும் கால்கள் நின்றன. அப்போதாவது என் மனிதர் பதறினாரா? பூரித்துப் போனார். ரோட்ஸிலும் தெய்வக் குற்றத்துக்குப் பயந்துதான் சிலையை மறுபடி நிறுத்தவில்லை, கடைசியில் யாரோ துண்டு துண்டாக ஏற்றிக்கொண்டு போனார்கள், மிச்சச் சரித்திரத்தை நம் காவல்காரரே முடித்து வைத்துவிட்டார் என்று மேனேஜரிடமே விளக்கினார். பதவி வேறொருவருக்குப் போயிற்று. நான் அழுதேன். அவர் கால்களை வீட்டுக்குத் தூக்கி வந்தார்.

கடைசிவரை வாடகை வீடுதான். இன்று காலையும் கட்டைவிரலை இடித்துக்கொண்டேன். "கொஞ்சம் அகட்டி வெச்சிருக்கலாம்ல?" என்று கேட்டேன். இரண்டும் சேர்ந்தேதான் நிற்கின்றன.