மாப்பிள்ளையின் கட்டைவிரலில் ஒட்டிய குதிரை

சுப்பர் க்ளூ மூடியைத் திறந்ததும் வருமே ஒரு வாசம்... மூக்கை விட்டுவிட்டு நேரே கண்ணைப் பிடிக்கும். உக்குவளையில் ஒரு கடைக்கு மேல்மாடியில்தான் எங்கள் வேர்க்‌ஷொப். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டில் காயும் கிராம்பு வாசமும் உள்ளே வரும். இரண்டும் கலந்தால் மேசை முழுக்கத் தும்மல்.

வெளிநாட்டுக்காரர்களுக்குச் சின்னச் சின்னப் பட்டாளத்துப் பொம்மைகள் செய்தோம். நெப்போலியன் காலத்துச் சண்டையை மேசைமேல் விளையாடுகிறவர்களுக்காம். மற்றவர்களுக்குத் துப்பாக்கி தூக்கி நடக்கிற சிப்பாய்கள். எனக்கும் என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்த ரிஸானாவுக்கும் குதிரை இழுக்கும் பீரங்கி.

ஒரு பீரங்கிக்கு ஆறு குதிரை, சோடி சோடியாக. ஒவ்வொரு சோடியிலும் இடப்பக்கத்துக் குதிரைமேல் ஓர் ஆள். பின்னால் இரண்டு சில்லு வைத்த சின்ன வண்டி, அதில் கொளுவிய பீரங்கி. குதிரைக்கும் வண்டிக்கும் நடுவே நூல் மாதிரிச் சங்கிலி. ஒரு குதிரை கோணலாக நின்றால் போதும், சங்கிலி தொங்கிவிடும். ஓடுகிற குதிரைக்குச் சங்கிலி தொங்கலாமா?

பெயின்ட் அடித்து முடிந்ததும் எல்லாவற்றையும் நீளப் பலகைத் துண்டில் ஒட்டி, வெள்ளைப் பசை தடவி, அரித்த ஆற்றுமணல் தூவி, மண்ணிறம் அடித்து, அங்கங்கே புல் ஒட்டுவோம். அதுவரை பொம்மையாக நின்றது திடீரென்று ஒரு ரோட்டில் ஓட ஆரம்பிக்கும். எனக்கு அந்தக் கட்டம்தான் உயிர்.

இந்தக் கதை நடந்தது எங்களுக்கு முதல் பீரங்கி ஓர்டர் வந்தபோது. திங்கட்கிழமை காலையில் பெட்டி கொழும்புக்குப் போக வேண்டும். சனிக்கிழமை பேய்மழை, மேல்மாடி ஒழுகிவிட்டது.

"நங்கி, இது சரியா போனாத்தான் அடுத்தது வரும். வீட்டுக்குக் கொண்டு போய் முடிச்சிட்டு வாங்க" என்றார் சூப்பர்வைசர் நிமல் அய்யா. தங்கச்சி என்பதை அவர் சிங்களத்தில் அப்படித்தான் சொல்வார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? பேசாமல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மாத்தளை பஸ் ஏறினேன்.

வீட்டில் இருந்ததோ ஒரே மேசை.

"என்ன புள்ள இது? வாறவங்களுக்கு டீ வைக்கக்கூட எடமில்லாம..."

"ஒட்டினது காயுதும்மா. இப்ப தூக்கினா எல்லாம் கழண்டுரும்."

அம்மா தலையில் கைவைத்தபோதே வாசலில் த்ரீவீல் சத்தம். அப்போதுதான் முன்வரிசைக் குதிரையின் காலிலும், சங்கிலி ஒட்ட அதன் வயிற்றடியிலும் க்ளூ வைத்திருந்தேன். அப்படியே விட்டுவிட்டு சாரியைச் சரிசெய்ய ஓடினேன்.

மாப்பிள்ளை ஜெரோம், யட்டவத்தையில் ஒரு ஹார்ட்வேர் கடையில் வேலை. அவரும் அவருடைய அம்மாவும் வந்திருந்தார்கள். நான் டீ தட்டோடு வந்தபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், அவரைத் தவிர. அவர் குனிந்து குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது கொஞ்சம் சாயுதுங்க" என்று சொல்லிக் கட்டைவிரலால் நிமிர்த்தினார்.

"ஐயோ, தொடாதீங்க!"

அதற்குள் கையை எடுத்துவிட்டார். கையோடு குதிரையும் வந்தது. குதிரையோடு சங்கிலி, சங்கிலியோடு பின்னால் நின்ற குதிரையும் ஆடியது.

எனக்கு வெட்கமெல்லாம் பறந்துவிட்டது. "ஹார்ட்வேர் கடைல வேலை செய்றீங்க, க்ளூ ஒட்டும்னு தெரியாதா?"

அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"விக்கத்தாங்க தெரியும்" என்றார் அவர், பாவமாக.

சங்கிலியை மெதுவாகக் கழற்றிவிட்டு அவரைக் குசினிக்குக் கூட்டிப்போனேன். அவருடைய அம்மாவும் பின்னாலேயே வந்தார்.

"நகப் பொலிஷ் அழிக்கிற ரிமூவர் இருந்தா ஊத்துங்க. தோல் பிஞ்சிரப் போகுது" என்றார் அந்த அம்மா.

ரிமூவர் இருந்தது. ஊற்றினால் விரல் உடனே விட்டுவிடும். ஆனால் குதிரையின் பெயின்டும் சேர்ந்து போய்விடும். திரும்ப அடித்துக் காயவைக்க நேரமே இல்லை. போத்தலைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன்... ஊற்ற மனம் வரவில்லை.

ஜெரோம் என் முகத்தைப் பார்த்தார். "பெயின்ட் போயிருமா?"

"ம்."

"அப்ப வேணாம். வேற வழி இல்லியா?"

"சுடுதண்ணில சவுக்காரம் போட்டு மெதுவா உருட்டினா வரும். நேரம் எடுக்கும்."

"எடுக்கட்டும். நமக்கென்ன அவசரம்?"

விரலை மட்டும் கோப்பைக்குள் விட்டு, குதிரை நனையாமல் நான் பிடித்துக்கொண்டேன். அவருடைய அம்மா கதவோரம் நின்று கேட்டார். "கல்யாணத்துக்குப் பொறகும் இந்த வேலைக்குப் போவியாம்மா?"

இதற்கு மழுப்பலாகப் பதில் சொல்லும்படி அம்மா காலையிலேயே சொல்லித் தந்திருந்தார்.

"போவேங்க" என்றேன்.

அந்த அம்மா விரலைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "ஒரு குதிரைக்கே இவ்வளவு பொறுமையா? அப்ப இவனையும் சமாளிச்சிருவ."

குதிரை கழன்றது. வயிற்றடியில் கொஞ்சம் தோல் ஒட்டியிருந்ததைச் சுரண்டி எடுத்தேன். அன்று மாலை ஜெரோம்தான் மணல் அரித்துத் தந்தார். திங்கட்கிழமை பெட்டி போனது, அடுத்த ஓர்டரும் வந்தது. தை பிறந்ததும் கல்யாணம்.

இப்போது வீட்டிலேயே செய்கிறேன். ஓர்டர் போனுக்கே வருகிறது. க்ளூவும் நல்லது, கண் எரிவதில்லை. ஒரு மேசை, ஒரு லைட், காதில் இயர்ஃபோன். பக்கத்தில் தும்ம ஆளில்லை. ரிஸானா கட்டாரில். இதைப் படித்தால் அங்கிருந்தே வொய்ஸ் போட்டுச் சிரிப்பாள்.

போன கிழமை ஒரு கஸ்டமர் வீடியோ அனுப்பியிருந்தார். நான் பார்த்துப் பார்த்து ஒட்டிய பீரங்கி வண்டி... டைஸ் உருண்டது, முதல் சுற்றிலேயே எதிரி பிடித்து மேசை ஓரத்தில் தூக்கி வைத்துவிட்டான். ஜெரோமும் நானும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம்.

அந்த நாளில் பெட்டி போனால் போனதுதான். எந்த ஊர், எந்த மேசை, ஒன்றும் தெரியாது. பெட்டிக்கு டேப் ஒட்டும்போதெல்லாம் ரிஸானா, "நம்மட ஆக்கள்தான் வெல்லுவாங்க புள்ள" என்பாள்.

நாங்களும் நம்புவோம். அந்த மேல்மாடியிலிருந்து போன எந்தப் பீரங்கியும், எங்களுக்குத் தெரிந்தவரை, தோற்றதே இல்லை.