துடைத்த தரை

குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போன வீடுகளைக் கழுவித் துடைத்துக் கொடுப்பதுதான் என் அண்ணிக்குப் பிழைப்பு. நானும் கூடப் போவேன். அண்ணி எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் ஒன்றே ஒன்று: உள்சுவரில் ஆரம்பித்து, பின்பக்கமாகவே நகர்ந்து, வாசலில் வந்து முடிக்க வேண்டும். அப்போதுதான் நம் கால்தடம் தரையில் விழாது.

ஈரத்தில் யாராவது கால் வைத்தால் தொலைந்தார்கள். வீட்டில் என் அண்ணன் மறந்துபோய் நடப்பான். அவள் கத்தியதும் குதிகாலைத் தூக்கிக்கொண்டு நுனிக்காலில் பூனை மாதிரி போவான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

அன்று மதியம் ஒரு மாடி வீடு. சாமான் எதுவும் இல்லாததால் பேசினாலே எதிரொலித்தது. கடைசி அறையிலிருந்து துடைத்துக்கொண்டே வந்து இருவரும் வாசற்படியில் நின்றோம். அண்ணி குனிந்து துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். நான்தான் முதலில் பார்த்தேன். அந்தக் கடைசி அறையிலிருந்து எங்களை நோக்கி, ஈரத் தரையில், வெறுங்கால் தடங்கள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. அண்ணியின் தோளைத் தட்டினேன்.

அண்ணி நிமிர்ந்தாள். தடத்தைத்தான் பார்த்தாள், ஆளைத் தேடவில்லை. பழக்கதோஷம்.

"காயறதுக்குள்ள ஏன் நடக்கறீங்க? எத்தனை தடவை சொல்றது! கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

தடங்கள் நின்றன. அதன் பிறகுதான் அண்ணியின் முகம் வெளுத்தது.

கொஞ்ச நேரம் கழித்து அடுத்த தடம் விழுந்தது. எங்களை நோக்கித்தான். ஆனால் அதில் விரல்கள் மட்டும்தான் இருந்தன, குதிகால் இல்லை.