தீர்ப்பு சொல்ல மறுத்த கதிர்வேலு அண்ணன்

வெள்ளிக்கிழமை காலை விளக்கேற்றிவிட்டு எழுந்தபோது எதிர்வீட்டு அண்ணி வாசலிலிருந்தே கூப்பிட்டார். "அண்ணன் போயிட்டாரும்மா." கையிலிருந்த தீப்பெட்டியை எங்கே வைத்தேன் என்று இன்னும் தெரியவில்லை.

மதியம் வரை டிவியில் கதிர்வேலு அண்ணன் சினிமாவில் நடித்த நீதிபதிக் காட்சிகளையே போட்டுக்கொண்டிருந்தார்கள். நம் தொகுதியில் இரண்டு முறை ஜெயித்தவர், மூன்று முறை தோற்றவர் என்பது ஒரு வரியில் முடிந்துவிட்டது. கணீர்க் குரலுக்காக சினிமாவுக்குக் கூப்பிட்டவர்கள் எல்லோரும் அந்தக் கறுப்பு அங்கியைத்தான் மாட்டிவிட்டார்கள். "மேடையில நான் பேசினா பாதிப் பேர் எழுந்து போவாங்க. கோர்ட்டு செட்டுல ஒருத்தனும் அசைய மாட்டான், சம்பளம் வாங்குறானே!" என்று அவரே சிரிப்பார்.

உடம்பு முடியாமல் நடிப்பை விட்டார் என்று எழுதுகிறார்கள். அது சரியில்லை. நான் கூட இருந்தேன்.

தெற்கு மாட வீதியில் பூ விற்கும் கன்னியம்மாவின் இடத்தை, நடைபாதை வேலை என்று சொல்லி எடுத்துவிட்டார்கள். அவள் கூடையோடு அண்ணன் வீட்டுக்கு வந்தபோது நான் பிரசாதம் கொடுக்கப் போயிருந்தேன். சாமி கும்பிடாதவர்தான், பிரசாதத்தை மறுத்ததில்லை.

"நைனா, டிவில அந்தப் பொண்ணுக்கு வூட்டத் திருப்பிக் குடுத்தியே, எனக்கும் ஒரு தீர்ப்பு சொல்லு."

"அது நடிப்பும்மா. எழுதிக் கொடுத்ததைப் படிச்சேன்."

"இன்னா நைனா, போலீசுகாரனே உன்னைக் கண்டா எழுந்து நிக்கிறான். என்னாண்ட நடிக்காத!"

அண்ணியும் நானும் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு அவளோடு ஆட்டோவில் ஏறினார். அவருக்குக் கை நடுங்கும் என்பதால் மனு எழுத நானும் போனேன். மாநகராட்சி ஆபீசில் அதிகாரி எழுந்து நின்று வணங்கினார், செல்ஃபி எடுத்துக்கொண்டார், காபி வரவழைத்தார். "பார்க்கலாம் சார்" என்றார். நான்கு மனுக்களோடு நான்கு தடவை போனோம். நான்கு தடவையும் காபி வந்தது. இடம் வரவில்லை.

கடைசித் தடவை திரும்பும்போது அண்ணன் சொன்னார்: "தங்கச்சி, அரசியல்ல நான் அதிகமா சொன்ன வார்த்தை அதுதான், பார்க்கலாம். மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டப்பதான் அது எப்படி இருக்குன்னு தெரியுது."

கன்னியம்மா அவரைத் தேற்றினாள். "பரவால்ல நைனா. அடுத்த வாய்தாவுல சொல்லு."

அவர் வெளியே பார்த்துக்கொண்டார். வீடு வரும்வரை திரும்பவில்லை.

அடுத்த மாதம் கோடம்பாக்கத்திலிருந்து ஒரு டைரக்டர் வந்தார். மறுபடியும் நீதிபதி வேஷம். அண்ணன் கைகூப்பினார். "வேண்டாம் தம்பி. அந்தம்மா பார்ப்பாங்க." வேறு வேஷம் அவருக்கு யாரும் தரவில்லை.

சனிக்கிழமை அவரை எடுப்பதற்கு முன்னால் கன்னியம்மா வந்தாள். இப்போது வீடு வீடாகப் போய் விற்கிறாள். ஒரு முழம் மல்லிகையைக் கால்மாட்டில் வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். மெல்லக் கேட்டாள்: "யம்மா, என் கேஸு இனிமே யாராண்ட போவும்?"

"என்கிட்டதான்" என்றேன். யோசித்துச் சொன்னதல்ல.

அண்ணனைத் தெரிந்த நீங்கள் ஆளுக்கொன்று வைத்திருப்பீர்கள், ஒரு பேச்சு, ஒரு புகைப்படம். என்னிடம் அவர் விட்டுப்போனது அந்த வழக்கு. ஐந்தாவது மனுவை எழுதிக் கன்னியம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டேன். திங்கட்கிழமை இரண்டு பேரும் போகிறோம்.