கடலோரத்துக்கு அனுப்பிய அட்டை

ஆம்பூரில் இருந்துகொண்டு கடலோர வானிலையைக் கேட்பானேன் என்று என் கணவர் பலமுறை கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். எங்கள் ஊருக்குக் கடலோடு இருக்கும் ஒரே உறவு, இங்கே தைத்த ஷூக்கள் அதைத் தாண்டிப் போவது. நான் ஒரு ஷூ தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். கடல் என்றால் எனக்கு அலையோ நிலாவோ நினைவுக்கு வராது. பூஞ்சைதான் வரும். துறைமுகத்தில் கன்டெய்னர் சில நாள் நின்றாலே ஈரக்காற்று உள்ளே ஏறிவிடும். பெட்டியைத் திறந்தால் கறுப்பு ஷூ மேல் வெள்ளை வெள்ளையாகப் படர்ந்திருக்கும். அதற்காகத்தான் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் போடுகிறோம். கூடவே சில அட்டைப்பெட்டிகளில் ஈரம் காட்டும் அட்டை ஒன்று வைப்போம். காய்ந்த காற்றில் அது நீலமாக இருக்கும். ஈரம் ஏறினால் ரோஸாகிவிடும்.

இப்படிப்பட்டவளின் ஒரே மகளுக்கு, கடலூரைத் தாண்டி ஒரு கடலோர ஊரில் வங்கி வேலை கிடைத்தது.

முதல் மழைக்காலத்திலேயே அங்கே புயல் அடித்தது. இரண்டு நாள் அவள் போன் எடுக்கவில்லை. அந்த இரண்டு நாளைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவளே கூப்பிட்டாள். "கரன்ட் இல்லமா, டவர் இல்ல. நான் நல்லாத்தான் இருக்கேன். இட்லி மாவுதான் புளிச்சிப் போச்சு" என்றாள். அவள் மாவுக்கு வருத்தப்பட்டாள். இங்கே வீட்டில் ஃபேன் திடீரென்று நின்றால் இன்றைக்கும் என் கை தானாகப் போனைத் தேடுகிறது.

பொங்கலுக்கு வந்து திரும்பியபோது அவள் பெட்டியை நான்தான் அடுக்கினேன். புடவை மடிப்பில், செருப்புக்குள், தலையணை உறைக்குள் எல்லாம் பொட்டலங்களை வைத்தேன். கடைசியில் ஓர் அட்டையையும் கொடுத்து, அறையில் மாட்டித் தினமும் காலையில் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். எதிர்வாதமே இல்லாமல் தலையாட்டினாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

முதல் நாள் படம் ரோஸ். மறுநாளும் ரோஸ். வாரம் முழுக்க ரோஸ். பேக்கிங் மேஜையில் எனக்கு எதிரே நிற்கும் தோழி, என் போனை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா மேடம், பொண்ண பஸ்ல அனுப்பிச்சீங்களா, கன்டெய்னர்ல அனுப்பிச்சீங்களா?" என்றாள். அன்று முழுக்க அந்த வரிசையே சிரித்தது.

ஒரு காலை அட்டை பளிச்சென்று நீலமாக வந்தது. படத்தைப் பெரிதாக்கி வரிசை முழுக்கக் காட்டினேன். நீலம்தான் என்று தோழிகூட ஒப்புக்கொண்டாள். சாயங்காலம் மகளைப் பாராட்டக் கூப்பிட்டால், அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அரிசி டப்பாக்குள்ள வெச்சி, மேல இஸ்திரி பெட்டிய காட்டி எடுத்தேன்மா. நீ ஒரு நாளாவது நிம்மதியா சாப்பிடுவேன்னுதான்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அன்று மதியம் நிம்மதியாகத்தான் சாப்பிட்டிருந்தேன்.

மாசி முடிந்ததும் அவள் வங்கியில் இடமாற்றம் கேட்டு எழுதித் தரும் நேரம் வந்தது. வேலூருக்குக் கேள் என்றேன். அவளுக்கு அந்த ஊர் பிடித்துவிட்டது, வரமாட்டேன் என்றாள். ஒரு வாரம் போனில் இழுபறி. கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். கோடை எப்படி இருக்கும் என்று வானிலைக்காரர்கள் முன்கூட்டியே சொல்வார்கள் அல்லவா? கடலோரத்துக்கு மோசம் என்று வந்தால் அன்றே எழுதித் தந்துவிடுவாள். நல்லபடி வந்தால் இடமாற்றப் பேச்சை நான் இனி எடுக்கக் கூடாது. அதோடு ஒரு வாரம் அங்கே போய்த் தங்க வேண்டும்.

உடனே சரி என்றேன். கடலோரத்துக்கு நல்லபடி என்று யாராவது சொல்வார்களா என்ன? எங்கள் வீட்டில் அவள் அறையில் எந்தச் சுவரில் புது வெள்ளை அடிப்பது என்றுகூட யோசித்து வைத்துவிட்டேன்.

அறிக்கை வந்த அன்று குழம்பை அடுப்பில் சிம்மில் வைத்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தேன். கடலோர மாவட்டங்களில் கோடையின் தொடக்கம் வழக்கம்போலவே இருக்கும், மதியத்துக்கு மேல் கடல்காற்று வந்து சூட்டைத் தணிக்கும், வியர்வை மட்டும் அதிகம் இருக்கும், புயலுக்கு இப்போதைக்கு அறிகுறி இல்லை என்றார்கள். உள் மாவட்டங்களில்தான் வழக்கத்தைவிட வெயில் கடுமையாம், அனல்காற்றும் வீசுமாம். வேலூர் பெயரைத் தனியாகவே சொன்னார்கள்.

டேனரியில் தோலைத் தரம் பிரிப்பது என் கணவரின் வேலை. "கடலோரம் ஃபர்ஸ்ட் கிரேடு, நம்ம ஊரு ரிஜக்ட்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் குழம்பைப் பார்க்கப் போனார்.

செய்தி முடிவதற்குள் மகளிடமிருந்து போன் வந்தது. ஈரப்பதம் ஜாஸ்தி என்று சொன்னார்களே என்று இழுத்துப் பார்த்தேன்.

"வேர்க்கும்னுதான் சொன்னாங்க. வேர்வைக்கெல்லாம் டிரான்ஸ்பர் தரமாட்டாங்கமா. எப்ப வர்றே?"

சித்திரையில் போனேன். விழுப்புரம் வரை பஸ் ஜன்னல் வழியாக வந்தது காற்றே இல்லை, திறந்துவிட்ட அடுப்பு. கடலூரைத் தாண்டியதும் கழுத்தில் ஏதோ பிசுபிசுவென்று ஒட்டியது. இத்தனை வருடம் நான் பொட்டலம் போட்டுத் தடுத்த அதே காற்று. அது சுகமாக இருந்தது என்பதை அவளிடம் சொல்லவில்லை.

சாயங்காலம் என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனாள். செருப்பைக் கழற்றாமல் மணலில் நின்றேன். புயல் அன்று எங்கே இருந்தாய் என்று அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன். வீட்டு ஓனர் குடும்பத்தோடு மாடியில், மெழுகுவத்தி வெளிச்சத்தில் கேரம் ஆடிக்கொண்டிருந்தாளாம்.

"பயமா இல்லையா?"

"காத்து சத்தத்துக்குக் கொஞ்சம் பயந்தேன். உன்ன நெனச்சிதான் ஜாஸ்தி பயந்தேன். நீ அங்க இன்னா பண்ணிட்டு இருப்பியோன்னு."

அதற்குள் ஓர் அலை வந்து செருப்போடு சேர்த்துப் புடவையையும் நனைத்துவிட்டது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அங்கே நிற்கத் தெரிந்திருந்தது.

அந்த வாரம் முழுக்க இடமாற்றப் பேச்சை நான் எடுக்கவில்லை. அறையில் ஜன்னல் கம்பியில் அந்த அட்டை தொங்கியது, ரோஸாக. அதைத் தினமும் பார்த்தேன், அவ்வளவுதான். எனக்கு வேறு வேலை வந்துவிட்டது. ஒரு நாள் ராத்திரி டிவியில் உள் மாவட்டங்களுக்கு அனல்காற்று எச்சரிக்கை ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை கணவரைக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். ஒருவழியாக எடுத்து, குளித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். மோர் குடிக்க வேண்டும், மதியம் வெளியே போகக் கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், தினமும் காலையில் ஒரு படம் அனுப்ப வேண்டும் என்றேன்.

"எத போட்டோ எடுக்கணும்?" என்றார்.

அதை நான் யோசித்திருக்கவில்லை. "தண்ணி பானையை" என்றேன்.

அரைமணி நேரத்தில் படம் வந்தது. பானை விளிம்புவரை தளும்பிக்கொண்டிருந்தது. மகள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"இதுவும் அரிசி டப்பா கேஸுதான்மா" என்றாள்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இருந்தாலும் அன்று காலை இரண்டு இட்லி அதிகமாகவே சாப்பிட்டேன்.