மைக்கக்காவின் ஐந்து வோல்ட்

அந்தப் பேருந்து நிலையத்தில் மைக்கில் அறிவிப்புச் சொல்லும் மைக்கக்காவின் முகம் பலருக்குத் தெரியாது. குரல் தெரியாத ஆளே கிடையாது. கண்ணாடி அறைக்குள்ளிருந்து "பன்னிரண்டாம் எண் பேருந்து மூன்றாவது நடைமேடையில்" என்று அவள் சொன்னால் போதும், தூங்குகிறவன்கூட மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவான். அப்படிப்பட்டவளுக்குத் தொண்டையில்தானா கட்டி வர வேண்டும்? வேறு இடமே கிடைக்கவில்லையா அந்தப் பாழாய்ப்போன கட்டிக்கு?

ஆபரேஷன் முடிந்தால் பேச்சு வராது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அவள் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு, இருக்கிற குரலையெல்லாம் செல்போனில் பதிவு செய்தாள். எண்கள், ஊர்கள், 'தாமதமாக வரும்', 'புறப்படத் தயாராக உள்ளது'. கடைசியாக ஒரு 'மாட்டேன்'.

"அது எந்த பஸ்ஸுக்கு?" என்று கேட்டார் வீட்டுக்காரர். டிப்போவில் பேட்டரி மெக்கானிக் அவர்.

"பஸ்ஸுக்கு இல்லீங்க. எனக்கு. என்னைக்காவது தேவைப்படும்."

உடம்பு தேறி வேலைக்குத் திரும்பியபோது, மேனேஜர் அவளுக்குப் பின்னறையில் டிக்கெட் கட்டு அடுக்குகிற வேலையை ஒதுக்கி வைத்திருந்தார். அவளோ கைப்பையிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் பலகையை எடுத்து வைத்தாள். வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. கீபோர்டில் தட்டினால், பதிவு செய்த சொற்களைக் கோத்து அவள் குரலிலேயே அறிவிக்கும். முதல் நாள் காலையில் நிலையமே நிமிர்ந்து பார்த்தது. மதியம் கரண்ட் போனது. ஒலிபெருக்கிக்குப் பழைய பேட்டரி துணை உண்டு, சுவர் சார்ஜரில் ஓடிய பலகைக்கு ஏது? "மூன்றாவது நடை" என்பதோடு வாயடைத்துப் போனது.

"கரண்ட்டோட நீங்களும் போயிடுறீங்களேம்மா!" என்று சிரித்தார் மேனேஜர். "மாசக் கடைசி வரைக்கும் பாக்கலாம். அப்புறம் பின்னறைதான்."

அந்தச் சிரிப்பு அவளை அறுத்தது. பேச்சு போனவளிடம் பேசுகிற பேச்சா அது!

ஒலிபெருக்கியின் பேட்டரியிலிருந்தே பலகைக்கும் மின்சாரம் எடுப்பது என்று முடிவு செய்தாள். பேட்டரி கொடுப்பது பன்னிரண்டு வோல்ட், பலகை தாங்குவது ஐந்துதான். நடுவில் வோல்டேஜைக் குறைக்க, தீப்பெட்டியளவு மாட்யூல் ஒன்று வாங்கினாள். அதன் மேலே ஒரு பொடி திருகு. அதைத் திருப்பித்தான் வோல்டேஜை ஐந்துக்குக் கொண்டுவர வேண்டும்.

"மாட்டறதுக்கு முன்னால மீட்டர் வச்சுப் பாரு" என்றார் வீட்டுக்காரர்.

கேட்டாளா? பத்தொன்பது வருஷம் ஒலிபெருக்கிக் குமிழைத் திருப்பிய கை. கடைசி வரை இடப்பக்கம் திருப்பினால் பூஜ்யம், பிறகு கொஞ்சம் ஏற்றினால் அளவு. அந்தக் கைப்பழக்கத்தில் திருகை இடப்பக்கம் ஒரு சுற்று சுற்றி, லேசாக வலப்பக்கம் ஏற்றி, பலகையை மாட்டிவிட்டாள். சின்னதாக ஒரு 'டப்', ஒரு இழை புகை. பலகை செத்தது.

வீட்டுக்காரர் மீட்டரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது.

நல்லவேளை, குரலெல்லாம் இருந்த மெமரி கார்டு பிழைத்துக்கொண்டது. புதுப் பலகை வந்ததும் அதைத் தள்ளி வைத்துவிட்டு, மாட்யூலையும் மீட்டரையும் மட்டும் முதலில் இணைத்தாள். திருகினாள். எண் அசையவே இல்லை. மறுபடி மறுபடி திருகினாள். அது குமிழ் இல்லை, ஒரு சுற்றில் மசிகிற ஜாதியும் இல்லை. விரல் நுனி சிவந்த பிறகுதான் பன்னிரண்டு பதினொன்றானது. பிறகு மளமளவென்று இறங்கி ஐந்தில் வந்து நின்றது. அதன் பிறகே பலகையை மாட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது. அவளுக்குக் கண்ணீர் முட்டியது.

மாசக் கடைசியன்று, கூட்டம் நெரிகிற நேரத்தில் கரண்ட் போனது. மின்விசிறிகள் நின்றன, கடைகள் இருண்டன. "ஏழாம் எண் பேருந்து ஐந்தாவது நடைமேடையில் புறப்படத் தயாராக உள்ளது" என்று அவள் குரல் மட்டும் பிசிறில்லாமல் ஒலித்துக்கொண்டிருந்தது.

மேனேஜர் கண்ணாடி அறைக் கதவைத் திறந்தார். கொஞ்ச நேரம் பச்சை விளக்கையே பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு, இல்லேங்கல. ஆனா உங்கள இப்படிப் பாக்கறவங்களுக்குச் சங்கடமா இருக்கும்மா. பேசாம பின்னறையில நிம்மதியா உக்காருங்களேன்."

அவள் அவரை நேராகப் பார்த்தாள். விரல் கீபோர்டின் ஓரத்துப் பொத்தானுக்குப் போனது.

"மாட்டேன்."

எட்டு நடைமேடைகளிலும் ஒரே நேரத்தில் கேட்டது. பெட்டி தூக்கியவன் பெட்டியோடு நின்றான். ஓட்டுநர்கள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்கள். மேனேஜர் கதவைப் பிடித்தபடியே நின்றார்.

பன்னிரண்டாம் எண் உள்ளே திரும்பிக்கொண்டிருந்தது. அவள் அதை அறிவிக்கத் தட்டினாள்.